எழுதிக் கொடுத்த 151 ஏக்கர்

ஒரு விவசாயி நிலத்தை அடமானம் வைப்பதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கும். மகள் கல்யாணம் இருக்கும். கிணற்றை ஆழப்படுத்த வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்திருக்கும். ஒரு புத்தகத்தை அச்சுப்போடுவதற்காக நிலத்தை எழுதிக் கொடுத்த விவசாயி என்று நான் அறிந்தது ஒரே ஒருவரைத்தான். மார்ட்டின் ஹாரிஸ். நியூயார்க் மாநிலத்தில் பல்மைரா என்ற ஊர்க்காரர். அவர் ஈடு கொடுத்து, 1830-ல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் மார்மன் நூல். இன்று வரை இருபது கோடிப் பிரதிகளுக்கு மேல் உலகெங்கும் போயிருக்கிறது. தமிழிலும் வந்திருக்கிறது. அதை வேதமாக ஏற்றுக்கொண்டவர்களை ஊர் மார்மன்கள் என்று அழைக்கிறது; பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

ரோச்செஸ்டரில் வேலை பார்த்த வருஷங்களில் ஓர் அக்டோபர் சனிக்கிழமை பல்மைராவுக்குப் போனேன். கிழக்கே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சின்ன ஊர். ஒரு நாற்சந்தியில் நான்கு மூலைக்கும் நான்கு தேவாலயங்கள் நிற்கும். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். கடைத்தெருவில் செங்கல் கட்டிடங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றுதான் எக்பர்ட் கிராண்டின் என்பவரின் அச்சகம் இருந்த இடம். இப்போது சபை அதைப் பழையபடி அமைத்துப் பாதுகாக்கிறது.

அங்கே எனக்குச் சுற்றிக் காட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஐடஹோவில் உருளைக்கிழங்கு விவசாயக் குடும்பம். நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கணவனும் மனைவியுமாகச் சொந்தச் செலவில் ஊழியம் செய்ய வந்திருந்தார்கள். பெரிய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஒரு பக்கத்தில் எட்டுப் பக்கங்கள், மறுபக்கத்தில் எட்டு. சில தலைகீழாக, சில நேராக. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இன்னொன்று. விரல் கணுக்கள் வீங்கிய கை, மண்வெட்டி பிடித்த கை என்று பார்த்ததும் தெரிந்தது. அந்தக் கை மடித்து முடித்ததும் பக்க எண்கள் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. பதினாறு பக்கம், ஒரு பாரம். இப்படி முப்பத்தேழு பாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். அதைப்போல ஐயாயிரம் புத்தகம். "இதற்கு ஜாமீன் நின்றவர் ஒரு விவசாயி. எங்களைப் போல ஒருவர்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அன்று இரவு ஊருக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா சம்சாரி வீட்டில் பிறந்து சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "ஏன்டா தம்பி, நெலத்த எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுப் பொம்பளகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அவரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மார்ட்டின் ஹாரிஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

மார்ட்டின் பிறந்தது 1783 மே மாதம். பத்து வயதை ஒட்டிக் குடும்பம் பல்மைராப் பக்கம் வந்து காடு திருத்திக் குடியேறியது. அப்பா நேதன் ஹாரிஸ் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பேர்போனவர். பிள்ளை அப்படியில்லை, நிலத்தைப் பிடித்துக்கொண்டான். 1808-ல் கல்யாணம். பெண் லூசி ஹாரிஸ், சொந்த அப்பாவின் உடன்பிறந்தவர் மகள். நம் வழக்கத்தில் அது தங்கை முறை, பேச்சே எழாது; அங்கே அது சாதாரணமாக நடந்தது. மாப்பிள்ளைக்கு இருபத்து நாலு வயது. பெண்ணுக்கு இன்னும் பதினாறு முடியவில்லை.

இருபது வருஷத்தில் அவர்கள் சேர்த்தது ஏறக்குறைய 240 ஏக்கர். கோதுமை, ஆடு, கம்பளி. 1825-ல் ஈரி கால்வாய் முழுதுமாகத் திறந்தது. அது பல்மைரா வழியாகவே போகிறது. அதுவரை மாட்டு வண்டியில் ஏற்றிப் பாதி விலை வண்டிக்கூலிக்கே போன தானியம், படகில் நியூயார்க் நகரம் வரைக்கும் மிதந்து போக ஆரம்பித்தது. கால்வாய்க் கரையில் நிலம் வைத்திருந்தவன் கையில் காசு புரண்ட காலம். மார்ட்டினை ஊர் பலமுறை சாலைக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. யாரிடமும் கடன் வைக்காதவர், சொன்ன சொல் தவறாதவர் என்று அவரைப் பிடிக்காதவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1820-களின் தொடக்கத்தில் வட்டாரக் கண்காட்சிகளில் லினன் துணிக்கும் கம்பளித் துணிக்கும் மார்ட்டின் ஹாரிஸ் பெயரில் பரிசுகள் பதிவாகியிருக்கின்றன. வரலாறு எழுதுபவர்கள் இதை அவருடைய திறமைக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து நியூயார்க் பண்ணை வீடுகளில் நூற்பதும் நெய்வதும் பெண்கள் வேலை. ஆட்டை வளர்த்தது மார்ட்டினாக இருக்கலாம், ஆளியை விதைத்தது அவராக இருக்கலாம். ராட்டையில் உட்கார்ந்தது யார்? பரிசுப் பட்டியலில் லூசியின் பெயர் இல்லை. நான் இந்தக் கதையில் லூசியைத் தேட ஆரம்பித்தது இங்கேதான்.

பக்கத்தில் மான்செஸ்டரில் ஸ்மித் குடும்பம் இருந்தது. 1816-ல் கோடையே வராத வருஷம் ஒன்று வந்ததே, ஜூன் மாதத்தில் பனி விழுந்து பயிரெல்லாம் கருகியதே, அப்போது வெர்மாண்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நூறு ஏக்கர் காட்டைத் தவணைக்கு வாங்கித் திருத்தினார்கள். கடைசித் தவணையைக் கட்ட முடியாமல் 1825-ல் நிலம் கைமாறிப் போயிற்று. சொந்தமாகத் திருத்திய நிலத்திலேயே குத்தகைக்காரர்களாக நின்றார்கள். அந்த வீட்டுப் பையன்தான் ஜோசப் ஸ்மித். ஒரு தேவதூதன் காட்டிய குன்றிலிருந்து 1827 செப்டம்பரில் பொன் தகடுகளை எடுத்ததாகவும், அதில் பழங்கால அமெரிக்க மக்களின் வேதம் பொறித்திருப்பதாகவும், அதை மொழிபெயர்க்கத் தனக்குக் கட்டளை வந்ததாகவும் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. மார்ட்டினுக்கு நாற்பத்து நாலு. ஜோசப்பைத் தன் வயலில் கூலிக்கு வைத்து வேலை வாங்கியிருக்கிறார் மார்ட்டின். முதலாளி கூலியாளிடம் போய் சீடனாக நின்ற கதை இது.

முதலில் லூசிக்கும் நம்பிக்கை இருந்தது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஜோசப்பின் அம்மா பெயரும் லூசிதான். அந்த அம்மா பின்னாளில் சொல்லி எழுதவைத்த நினைவுகளில் இது இருக்கிறது. லூசி ஹாரிஸுக்கு ஒரு கனவு வந்ததாம். மறுநாள் காலை, இறந்துபோன தன் தாய் கொடுத்திருந்த 28 டாலரை எடுத்து வந்து, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஜோசப்பிடம் பிடிவாதமாக நீட்டினாளாம். அம்மா சாகுமுன் கொடுத்த காசு என்றால் அது எப்படிப்பட்ட காசு என்று நமக்குத் தெரியும். அதை அவள் கொடுக்கத் துணிந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தகடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது என்பது கட்டளை என்றார் ஜோசப். அந்த இடத்தில் அவளுடைய நம்பிக்கை நின்றது.

மார்ட்டினுக்குப் பார்க்காமலே போதுமானதாக இருந்தது. பல்மைராவில் தொந்தரவு தாங்காமல் ஜோசப்பும் மனைவி எம்மாவும் பென்சில்வேனியாவில் ஹார்மனிக்குப் போகக் கிளம்பியபோது 50 டாலர் கொடுத்து அனுப்பினார். 1828 பிப்ரவரியில் தகட்டு எழுத்துகளின் நகலை எடுத்துக்கொண்டு நியூயார்க் நகரத்தில் கொலம்பியா கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் ஆன்த்தனிடம் போனார். அங்கே என்ன நடந்தது என்பதை இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். எழுத்து மெய்யானதுதான் என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டு, தேவதூதன் சங்கதி தெரிந்ததும் வாங்கிக் கிழித்துப் போட்டார் என்றார் மார்ட்டின். ஒரு எளிய விவசாயியை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்து அனுப்பினேன் என்றார் பேராசிரியர். மார்ட்டின் அங்கிருந்து முன்னைவிட உறுதியாகத் திரும்பினார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த வசந்தத்தில் ஹார்மனியில் போய் உட்கார்ந்தார். ஏப்ரல் 12 முதல் ஜூன் 14 வரை ஜோசப் சொல்லச் சொல்ல எழுதினார். 240 ஏக்கர் வைத்திருப்பவன் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நிலத்தை விட்டுப் போவது என்றால் அதன் பொருள் விவசாயிக்குத்தான் தெரியும். உழவும் விதைப்பும் களையெடுப்பும் அந்த மாதங்களில்தான். வேலையை யார் பார்த்தார்கள், ஆளுக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை. லூசி ஒருமுறை ஹார்மனிக்கே கூடப் போனாள். இரண்டு வாரம் தங்கி, அந்த வீட்டின் பெட்டி, அலமாரி, சந்து பொந்தெல்லாம் தேடிப் பார்த்தாள். தகடு கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுச் சாமான்களில் எடுக்கக்கூடியதையெல்லாம் அக்கம்பக்கத்தார் வீடுகளில் கொண்டுபோய் வைத்தாள், கணவன் அதையும் தூக்கிக் கொடுத்துவிடுவான் என்று பயந்து. அவளைப் பொல்லாதவள் என்று எழுதியவர்கள் இதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். காது சரியாகக் கேட்காத ஒரு பெண், தன் முதுகுக்குப் பின்னால் குடும்பம் கரைவதைப் பார்த்து, கைக்கு எட்டியதையாவது காப்பாற்றப் பார்த்தாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் நடுவில் 116 பக்கம் எழுதி முடித்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மார்ட்டின் கேட்டார். ஆண்டவரிடம் விசாரித்த ஜோசப், கூடாது என்றார். மறுபடி கேட்டார், கூடாது. மூன்றாம் முறை சம்மதம் கிடைத்தது, ஐந்தே பேருக்குக் காட்டலாம் என்ற நிபந்தனையோடு: மனைவி, அண்ணன்தம்பி ஒருவர், அப்பா, அம்மா, மனைவியின் சகோதரி. அந்த மூன்று முறைக் கெஞ்சலை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஊர் சிரிப்பது அவருக்குப் பழகிவிட்டது. சொந்த வீட்டில் ஒருத்தி முகம் திருப்பிக்கொண்டிருப்பதுதான் தாங்கவில்லை. "நான் பைத்தியக்காரன் இல்லை, இதோ பார்" என்று அவளிடம் நீட்ட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது அவருக்கு.

லூசி படித்தாள். அவளுக்குப் பிடித்துங்கூட இருந்தது என்கிறார்கள். தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொள்ள இடமும் கொடுத்தாள். ஒரு நாள் அவள் வெளியே போயிருந்தபோது மார்ட்டின் ஒரு நண்பருக்குக் காட்ட ஆசைப்பட்டார். சாவி இல்லை. பூட்டை நெம்பித் திறந்தார், மரம் சிதைந்தது. அவள் வந்து பார்த்தாள். கொஞ்ச நாள் ஒட்டியிருந்த குடும்பம் அந்த இழுப்பறையோடு மறுபடி உடைந்தது. அதற்குப் பிறகு கையெழுத்துப் படி மார்ட்டினுடைய இழுப்பறைக்கு மாறியது. ஐந்து பேர் என்ற கணக்கும் போயிற்று, நம்பகமானவர் என்று தோன்றியவருக்கெல்லாம் காட்டினார். பிறகு ஒரு நாள் திறந்து பார்த்தபோது காகிதம் இல்லை.

ஜூலையில் ஜோசப் தன் பெற்றோர் வீட்டுக்கு வந்து ஆள் அனுப்பினார். அவருக்கும் நெஞ்சில் புண். மார்ட்டின் கிளம்பிப் போன மறுநாள் எம்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து அன்றே இறந்திருந்தது. காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினொன்று. பன்னிரண்டரைக்கு மார்ட்டின் தரையைப் பார்த்தபடி மெல்ல நடந்து வந்தார். வாசல் படலைத் திறக்கவில்லை. வேலி மேல் ஏறி உட்கார்ந்து தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து மேஜையில் அமர்ந்தார். கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தார், அப்படியே நழுவவிட்டார். இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு, தன் ஆத்துமாவையே இழந்துவிட்டதாகக் கதறினார். ஜோசப்பின் அம்மா இதையெல்லாம் நேரில் பார்த்தவர். அந்த வேலியில் உட்கார்ந்திருந்த மனிதரைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. கைநீட்டிக் கடன் வாங்கியறியாத விவசாயி, ஒப்படைத்த பொருளைத் தொலைத்துவிட்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

லூசிதான் எரித்துவிட்டாள் என்று ஊர் பேசியது, இன்றும் சொல்கிறார்கள். நிரூபணம் எதுவும் கிடையாது. அந்த 116 பக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை.

மார்ட்டினை மறுபடி எழுத உட்காரவைக்கவில்லை. ஆலிவர் கௌட்ரி என்ற பள்ளி ஆசிரியர் வந்து 1829 வசந்தத்தில் வேலை முடிந்தது. ஜூன் மாதம் கௌட்ரி, டேவிட் விட்மர், மார்ட்டின் மூவரும் தேவதூதன் காட்டத் தகடுகளைக் கண்டதாகச் சாட்சி கொடுத்தார்கள். அந்தச் சாட்சிப் பத்திரம் மார்மன் நூலின் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. ஊனக் கண்ணால் கண்டாரா, ஆவிக்குரிய கண்ணால் கண்டாரா என்று அவரைக் கேட்டவர்கள் வெவ்வேறு பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கில் நான் போகவில்லை. கண்டேன் என்ற சொல்லிலிருந்து சாகும்வரை அவர் பின்வாங்கவில்லை.

இனி அடமானம். கிராண்டினுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இந்த வேலையே வேண்டாம் என்றார் முதலில். ஐயாயிரம் பிரதிக்கு 3,000 டாலர் கேட்டார், அதற்குக் கெட்டியான ஈடும் கேட்டார். 1829 ஆகஸ்ட் 25 அன்று மார்ட்டின் தன் நிலத்தை அடமானமாக எழுதிக் கொடுத்தார், ஒன்றரை வருஷத் தவணைக்கு. ஒரு கூலியாளுக்கு நாள் முழுதும் வேலை செய்தால் ஒரு டாலரை ஒட்டிக் கிடைத்த காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷக் கூலி.

அம்மாவின் கேள்விக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். கேட்கவில்லை. அல்லது, கேட்டாலும் பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜோசப் தன் கணவனை ஏமாற்றுகிறார் என்று லூசி அதே வருஷம் லயன்ஸ் ஊரில் புகார் கொடுத்திருந்தாள். மார்ட்டினே கூண்டில் ஏறி, யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானாக விரும்பிக் கொடுத்தேன் என்றதும் வழக்கு நிற்கவில்லை. கட்டிய மனைவிக்கு எதிராகக் கணவன் சாட்சி சொன்ன பிறகு அந்த வீட்டில் என்ன பேச்சு மிச்சமிருக்கும்? ஒரே ஒரு காரியம் நல்லபடி நடந்திருந்தது. ஏறக்குறைய 80 ஏக்கர் லூசியின் பெயருக்குத் தனியாக எழுதப்பட்டிருந்தது. அது அடமானத்துக்குள் வரவில்லை.

அச்சடிக்கும்போதே பல்மைராக்காரர்கள் கூடி, இந்தப் புத்தகத்தை வாங்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். 1830 மார்ச் 26 அன்று கடையில் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்களில் ஜோசப் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது மார்ட்டின் கை நிறையப் புத்தகங்களோடு எதிரே வந்து, ஒருவரும் வாங்கவில்லை, விற்காது, எனக்கு ஆண்டவரின் கட்டளை ஒன்று வாங்கித் தா என்று கேட்டதை ஜோசப் நைட் என்ற இன்னொரு விவசாயி எழுதி வைத்திருக்கிறார். மகசூல் விலைபோகாமல் சந்தையிலிருந்து மூட்டையோடு திரும்புகிறவனின் முகம் எனக்குத் தெரியும். கட்டளை வந்தது என்றே சபையின் வேதத்தில் இருக்கிறது: உன் சொத்தின் மேல் இச்சை வைக்காதே, அச்சிட்டவனுக்குப் பட்ட கடனை அடைத்துவிடு என்பது அதன் சாரம். 1831 ஏப்ரலில் 151 ஏக்கரை 3,000 டாலருக்கு விற்றார். ஏக்கர் இருபது டாலருக்கும் கொஞ்சம் குறைவாக. அதே புத்தகத்தின் முதல் பதிப்புப் பிரதி ஒன்றே இன்றைக்கு ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியும் போகிறது.

லூசி கூடப் போகவில்லை. மார்ட்டின் ஒஹாயோவில் கர்ட்லாந்துக்குப் போனார், சபை அங்கே கூடிக்கொண்டிருந்தது. 1834-ல் மார்மன்களை எதிர்த்து ஒரு புத்தகம் வந்தது. அதில் லூசியின் வாக்குமூலம் இருக்கிறது. கணவன் தன்னை அடித்ததாகவும் வீட்டைவிட்டுத் துரத்தியதாகவும், இந்த வேலையில் பணம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் அதில் சொல்கிறாள். சபையைக் கவிழ்க்கவென்று திரட்டிய புத்தகம் அது, அதை மறக்கக் கூடாது. அதற்காக ஒரு பெண் தன்னை அடித்தார் என்று சொன்னதைத் தள்ளிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. பணத்தாசை என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் புத்தகத்தால் மார்ட்டின் கையில் வந்தது எதுவும் இல்லை, போனது 151 ஏக்கர். லூசி 1836-ல் பல்மைராவிலேயே இறந்தாள். நாற்பத்து நாலு வயது.

அதே வருஷம் நவம்பரில் மார்ட்டின் கரோலைன் யங்கை மணந்தார். அவருக்கு ஐம்பத்து மூன்று, பெண்ணுக்கு இருபதை ஒட்டி. பிற்பாடு சபைக்கே தலைவரான பிரிகாம் யங் அவளுக்குச் சித்தப்பா. அடுத்த வருஷம் சபை நடத்திய வங்கி முறிந்தது, ஆளுக்கு ஆள் சண்டை, 1837 டிசம்பரில் மார்ட்டினையே சபையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் மேற்கே போகப் போக இவர் கர்ட்லாந்திலேயே தங்கிவிட்டார். 1844-ல் ஜோசப் கொல்லப்பட்ட பிறகு பிரிந்த கிளைச் சபைகள் பலவற்றில் சேர்ந்து பார்த்தார், ஒன்றின் சார்பில் இங்கிலாந்துக்குக்கூடப் போய்வந்தார். எதிலும் நிலைக்கவில்லை. கர்ட்லாந்தில் வெறிச்சோடிக் கிடந்த ஆலயத்தை வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவதே அவர் வேலையாயிற்று. தான் கண்ட தகட்டைப் பற்றி யார் கேட்டாலும் சொன்னார்.

கரோலைன் இருபது வருஷம் பொறுத்தாள். பிறகு 1856-ல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் சனங்கள் இருக்கிற மேற்குத் திசைக்குக் கிளம்பிவிட்டாள். அயோவாவில் தங்கி, 1859-ல் யூட்டா போய்ச் சேர்ந்து, அங்கே இன்னொருவரைத் திருமணம் செய்துகொண்டாள். மார்ட்டின் கூடப் போகவில்லை. முதல் மனைவி நம்பாததால் பிரிந்தாள். இரண்டாம் மனைவி சபையோடு போனதால் பிரிந்தாள். இந்த இரண்டு பிரிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 1860-ல் எழுபத்தேழு வயதில் அவர் மூத்த மனைவியின் மகன் வீட்டில் ஒண்டியிருந்தார். அந்த வருஷக் கணக்கெடுப்பில் அவர் தொழில் என்னவென்று கேட்டதற்கு மார்மன் பிரசங்கி என்று பதிவாகியிருக்கிறது. விவசாயி என்று இல்லை.

1869 மே மாதம் கண்டத்தின் இரு கரையையும் இணைத்த ரயில் பாதை யூட்டாவில் முடிந்தது. மறு வருஷம் எட்வர்ட் ஸ்டீவன்சன் என்ற பழைய சீடர் கிழவரை அழைத்துவரக் கிளம்பினார். ரயில் செலவுக்குப் பணம் பிரித்தார்கள், பிரிகாம் யங் 25 டாலர் கொடுத்தார். 1870 ஆகஸ்ட் 30 அன்று எண்பத்தேழு வயதில் மார்ட்டின் சால்ட்லேக் நகரத்தில் இறங்கினார். அடுத்த மாதம் மீண்டும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அதன்பின் வடக்கே கேஷ் பள்ளத்தாக்கில், ஸ்மித்ஃபீல்டில் மகன் வீட்டுக்குப் போனார். மகன் பெயரும் மார்ட்டின்தான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியபோது அவனுக்குப் பதினெட்டு வயது.

மகன் செய்த விவசாயம் வேறு மாதிரி. பல்மைராவில் ஒவ்வொருவர் வீடும் அவரவர் நிலத்தின் நடுவில் தனித்தனியாக நிற்கும், வானம் பார்த்து விதைப்பார்கள். யூட்டா மார்மன் ஊர்களில் வீடெல்லாம் ஊருக்குள் நேர்கோட்டுத் தெருக்களில், வயல் ஊருக்கு வெளியே. நம் ஊர்களைப் போல. மழை போதாது, மலைப் பனி உருகி வரும் ஓடையைத்தான் நம்ப வேண்டும். வாய்க்காலை ஊரே சேர்ந்து வெட்டும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும். விளைந்ததில் பத்தில் ஒன்று தசமபாகம். காசு புழக்கம் குறைவாக இருந்ததால் வைக்கோலாகவும் கோதுமையாகவும் முட்டையாகவும் வெண்ணெயாகவும் கன்றுக்குட்டியாகவும் சபையின் களஞ்சியத்தில் கொண்டுபோய் அளந்துவிட்டு வருவார்கள். பல்மைராவில் தாளை மடித்துக் காட்டிய அம்மாகூட இதைத்தான் சொன்னார். அவருடைய தாத்தா பத்தாவது வண்டி வைக்கோலைச் சபைக்கு என்று ஒதுக்கும்போது, இருப்பதில் நல்ல வண்டியாகப் பார்த்துத்தான் ஒதுக்குவாராம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்களாம். சிறுமியாக இருந்தபோது சபைப் பண்ணையில் போய்க் கிழங்கு பொறுக்கியிருக்கிறார், கூலியில்லாமல். அது இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும் கிழங்கு. "வலி தெரியாமல் கொடுத்துவிடலாம் பத்தில் ஒன்றை. மார்ட்டின் கொடுத்தது பத்தில் ஒன்றா?" என்று என்னையே கேட்டார்.

1874-ல் மகன் குடும்பம் பக்கத்தில் கிளார்க்ஸ்டனுக்கு மாறியது, கிழவரையும் கூட்டிக்கொண்டு. பத்து வருஷம் முன்புதான் குடியேறிய ஊர், பள்ளத்தாக்கின் வடமேற்கு மூலையில். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரைப் பார்த்தார்கள். பேச்சு வேறு எதில் போனாலும் சோர்ந்திருப்பார், தகட்டைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள்.

1875 ஜூலை 10 அன்று அங்கேயே இறந்தார், தொண்ணூற்று இரண்டு வயதில். வலது கையில் மார்மன் நூலை வைத்து அடக்கம் செய்தார்கள். இதைச் சொல்ல அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாவம்டா" என்றார். பிறகு, "அந்த மூத்தவ பேருல எழுதுன நெலம் எவ்வளவுன்னு சொன்ன?"

"80 ஏக்கர்மா."

"தண்ணி வசதி உண்டா?"

கால்வாய் பக்கத்தில்தான் என்றேன்.